கிரிடிங் என்பதற்கு ஒரு சொல்: கண்வாரிப் பங்கீடு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

காற்று மாசு உமிழ்வைப் புவிப்பரப்பின் மீது வரையப்பட்ட சிறு சிறு கட்டங்களுக்குப் பிரித்துத் தரும் பணியை நாம் அனைவரும் இன்றுவரை "கிரிடிங்" என்றே சொல்லி வருகிறோம். கட்டமிடல், இடைக்கணிப்பு, உமிழ்வுப் பரவல், உமிழ்வு ஒதுக்கீடு என நான்கு சொற்கள் இதற்கு முன்வைக்கப்பட்டுள்ளன. நான்கையும் என் செய்முறைக் குறிப்புகளில் எழுதிப் பார்த்த பிறகும் மனம் நிறையவில்லை. ஆகவே ஐந்தாவதாக ஒன்றைக் காரணங்களுடன் முன்வைக்கிறேன்.

நமக்குக் கிடைக்கும் உமிழ்வுக் கணக்கேடு பெரும்பாலும் நிர்வாக எல்லைகளை ஒட்டியே இருக்கும். எரிக்கப்பட்ட எரிபொருளின் அளவை உமிழ்வுக் காரணியால் (ஓரலகு எரிபொருளுக்கு வெளிவரும் மாசின் அளவு) பெருக்கி, இந்த மாவட்டத்தில் வாகனங்களிலிருந்து ஆண்டுக்கு இத்தனை டன் நைட்ரஜன் ஆக்சைடு வெளிவருகிறது என்று கணக்கேடு சொல்கிறது. மாசு காற்றில் எங்கே எவ்வளவு சேரும் என்று கணினியில் கணிக்கும் வளிமண்டலப் படிமமோ மாவட்டம் எதையும் அறியாது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு நொடிக்கு எவ்வளவு எழுகிறது என்பதுதான் அதற்குத் தேவை. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் பணிக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

கற்பனை எண்களைக் கொண்டு ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு மாவட்டத்தின் வாகன உமிழ்வு ஆண்டுக்கு 1,200 டன். அம்மாவட்டத்தின் மேல் நான்கு கட்டங்கள் விழுகின்றன. அவற்றுக்குள் அடங்கும் சாலைகளின் நீளம் முறையே 60, 30, 10, 0 கிலோமீட்டர். உமிழ்வு நேராக எங்கே நிகழ்கிறது என்று அளக்க வழியில்லாதபோது சாலை நீளத்தைப் பதிலியாகக் கொள்கிறோம். அதன்படி கட்டங்களுக்கு 720, 360, 120, 0 டன் என்று பங்கு விழும். கூட்டினால் மீண்டும் 1,200 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. மூன்றாவது கட்டம் பக்கத்து மாவட்டத்திலும் பாதி கிடக்குமானால், அந்த மாவட்டத்தின் பங்கும் அதில் வந்து சேரும். பெருந்தொழிற்சாலையின் புகைபோக்கி போன்ற புள்ளி மூலமாக இருந்தால் பதிலியே வேண்டாம். அதன் ஆயத்தொலைவு எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்தக் கட்டத்துக்கே முழுவதும் போகும்.

ஆக, இப்பணியின் உயிர் கோடு போடுவதில் இல்லை, மொத்தம் மாறாமல் பிரித்துக் கொடுப்பதில் இருக்கிறது. "கட்டமிடல்" என்ற சொல்லின் குறை இதுவே. கட்டமிடுவது என்றால் தமிழில் கோடு கிழித்துக் கட்டம் வரைவது; அது இப்பணி தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

"இடைக்கணிப்பு" இன்னும் தீங்கானது; இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். 0.25 பாகைக் கட்டங்களில் டன் கணக்கில் இருந்த தரவை 0.1 பாகைக் கட்டங்களுக்கு மாற்ற வேண்டிய ஒரு பணியில், செய்முறைக் குறிப்பை எழுதிக் கொடுத்தவன் நான். அதில் "புதிய கட்டங்களுக்கு இடைக்கணித்துக் கொள்க" என்று எழுதியிருந்தேன். உடன் பணியாற்றிய இளம் ஆய்வாளர் எழுதியபடியே செய்தார்: அண்டைக் கட்டங்களின் மதிப்புகளுக்கு இடைப்பட்ட மதிப்பை ஒவ்வொரு சிறு கட்டத்திலும் இட்டார். வரைபடம் அழகாகவும் சீராகவும் வந்தது. மொத்தத்தைக் கூட்டியபோது அது ஏறத்தாழ 6.25 மடங்காகப் பெருகியிருந்தது, ஏனெனில் ஒரு பெரிய கட்டத்தின் பரப்பில் ஆறேகால் சிறு கட்டங்கள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் பெரிய கட்டத்தின் டன் அளவே ஏறக்குறைய முழுதாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பிழை அவருடையது அன்று, என் சொல்லுடையது. வெப்பநிலையை இடைக்கணிக்கலாம், டன்னைப் பங்கிடத்தான் முடியும்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லலாம். "பரவல்" என்பது உமிழ்வு காற்றில் கலந்த பின் நிகழ்வது. அதைக் கணிக்கவே படிமம் இருக்கிறது, ஆகவே உள்ளீட்டுக்கு அந்தப் பெயர் ஆகாது. "உமிழ்வு ஒதுக்கீடு" என்றால் இன்ன நாடு அல்லது ஆலை இவ்வளவு உமிழலாம் என்று வரம்பு வகுத்து அளிப்பதாகவே படிப்பவர் கொள்வார்.

எஞ்சுவது "பங்கீடு". முழுமையான ஒன்று, அதைப் பெறும் பலர், பங்குகளின் கூட்டுத்தொகை முழுமைக்குச் சமம் என்ற மூன்றும் இச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு, ஓரிடத்தில் அளந்த மாசு எந்தெந்த மூலங்களிலிருந்து வந்தது என்று பிரித்தறியும் ஆய்வை "மூலப் பங்கீடு" என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள் என்பது. அதற்குக் கீழே வருகிறேன்.

அடுத்து, பங்கு எதற்குப் போகிறது? "கட்டம்" என்ற சொல்லை இதுவரை நானும் தயங்காமல் எழுதி வந்தேன், இக்கடிதத்திலும் எழுதியிருக்கிறேன். ஆனால் "இரண்டாம் கட்டப் பங்கீடு" என்று ஒரு தலைப்பு இருந்தால் எத்தனை பேர் அதை வேலையின் இரண்டாவது நிலை என்று கொள்ளாமல் இருப்பார்கள்? பல நிலைகளாக நடக்கும் கணக்கீட்டில் இந்தக் குழப்பம் வாரந்தோறும் வரும். "சதுரம்" என்பதோ பொருளளவில் பொருந்தாது. 0.1 பாகை அளவுள்ள கட்டம் நிலநடுக்கோட்டில் பக்கத்துக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் கொண்டது. 60 பாகை அகலாங்கில் அதன் கிழக்கு மேற்கு அகலம் பாதியாகிவிடும். டன்னை ஒரு சதுர மீட்டருக்கான அளவாக மாற்றும்போது இந்தப் பரப்பு வேறுபாட்டை மறந்தவர்கள் படும் பாட்டைப் பார்த்தவன் என்ற முறையில், எல்லாக் கட்டமும் ஒரே வடிவம் என்று நினைக்க வைக்கும் சொல்லை நான் ஏற்க மாட்டேன்.

மீன்வலையில் நூல்கள் சூழ்ந்த ஒவ்வொரு திறப்பையும் நாம் "கண்" என்கிறோம். வலையை இழுத்தால் கண் சாயும், நீளும், குறுகும், ஆனாலும் கண்தான். புவிப்பரப்பின் மேல் விரித்த வலைக்கு "வலைக்கண்" என்ற அலகு இயல்பாகவே பொருந்துகிறது. நுண்மையைச் சொல்லவும் "கண்ணளவு" என்ற வழக்குச் சொல் ஆயத்தமாக இருக்கிறது: ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் வெளியிடும் எட்கார் என்ற உலக உமிழ்வுக் கணக்கேட்டின் கண்ணளவு 0.1 பாகை என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இனி இரண்டையும் இணைக்கும் இடம். "மாவட்டவாரி", "துறைவாரி" என்று நாள்தோறும் எழுதுகிறோம். அதே வாரியைக் கண்ணுக்குச் சேர்த்தால் மாவட்டவாரி உமிழ்வு கண்வாரி உமிழ்வாக மாறுகிறது. மாற்றும் பணி கண்வாரிப் பங்கீடு. முதல் முறை எழுதும்போது "வலைக்கண்வாரிப் பங்கீடு" என்று முழுதாகச் சொல்லிவிட்டு, பின்னர் சுருக்கிக் கொள்ளலாம். "வாரி" வடக்கிலிருந்து வந்த ஈறு என்று ஒரு நண்பர் சுட்டக்கூடும். உண்மைதான், ஆனால் நாளிதழ் முதல் அரசாணை வரை ஊறிப்போன அந்த ஈற்றுக்கு இணையான சுருக்கம் உள்ள வேறொன்றை நான் இன்னும் காணவில்லை.

எனக்கு இச்சொல்லின் மேல் உறுதி பிறந்தது, உடன்வரும் பணிகளுக்கும் அது கைகொடுத்தபோதுதான். ஆண்டுத் தொகையை ஒவ்வொரு மணிக்கும் பிரிப்பது மணிவாரிப் பங்கீடு. நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு என்றும், ஆவியாகும் கரிமச் சேர்மங்களைப் படிமத்தின் வேதிவினைத் தொகுதி கேட்கும் பிரிவுகளாகவும் பிரிப்பது சேர்மவாரிப் பங்கீடு. உயர்ந்த புகைபோக்கியின் சூடான புகை மேலெழும் உயரத்துக்கு ஏற்ப வளிமண்டல அடுக்குகளுக்குப் பிரிப்பது அடுக்குவாரிப் பங்கீடு. மேலே ஒத்திவைத்த சிக்கலும் இங்கே தீர்கிறது: அளந்த மாசை மூலங்களுக்குப் பிரிப்பது மூலவாரிப் பங்கீடு. எதை எதற்குப் பிரிக்கிறோம் என்பதை ஈற்றுக்கு முன்னுள்ள சொல்லே காட்டிவிடுகிறது.

மென்பொருள் ஆவணத்திலும் ஒருமுறை சோதித்தேன். கணக்கேட்டைப் படிமத்துக்கான உள்ளீடாக மாற்றும் ஸ்மோக் என்ற மென்பொருளில் பங்குகள் யாவும் ஓர் அணியாக, அதாவது நிரையும் நிரலுமான எண் அட்டவணையாக, சேமிக்கப்படுகின்றன. அணியின் பெரும்பாலான உறுப்புகள் சுழியாக இருக்கும், ஏனெனில் ஒரு மாவட்டம் சில கண்களைத்தான் தொடும். "கண்வாரிப் பங்கீட்டு அணியால் மாவட்டவாரி உமிழ்வைப் பெருக்கினால் கண்வாரி உமிழ்வு கிடைக்கும்" என்று எழுதினேன். அந்த வாக்கியம் தடையின்றி ஓடியது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. சாலை நீளம், மக்கள்தொகை, இரவு ஒளி போன்றவற்றை மேலே "பதிலி" என்று எழுதினேன். உமிழ்வின் இடத்தில் நின்று பேசுவது என்ற பொருள் சரியாக வருகிறது. ஆனால் விடுபட்ட தரவுக்கு ஈடாக இடும் எண்ணையும் சிலர் பதிலி என்கிறார்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் வரும் அறிக்கைகள் நம்மிடம் உண்டு. "பங்கீட்டுச் சுட்டி" என்று ஒன்றை யோசித்தேன். கணினித் துறையின் சுட்டி குறுக்கே வருகிறது. பொருத்தமான சொல் யாருக்கேனும் தோன்றினால், மேலே உள்ள 1,200 டன் கணக்கைக் கண்வாரிப் பங்கீடு, பதிலிக்கு ஈடான உங்கள் சொல் ஆகிய இரண்டையும் கொண்டு ஒரு பத்தியாக எழுதி அனுப்ப வேண்டுகிறேன்.

அன்புடன்,
உமிழ்வுக் கணக்கேட்டுப் பணியில் இருக்கும் ஒருவன்