எச்ஏ டைட்டர் வரவே மாட்டேங்குது, அவசரம்

லேப்_ஊட்டி: ஃப்ளூ வைரஸுக்கு எச்ஏ போட்டேன், அதான் வைரஸ் ரத்தச் செல்லை எந்த நீர்ப்பு வரைக்கும் (டைட்டர்) ஒட்ட வைக்குதுன்னு பார்க்கிற டெஸ்ட். எல்லாக் குழியிலும் செல் வலையா ஒட்டாம அடியில பட்டனாத்தான் இருக்கு. வைரஸ் இல்லாத செல் கன்ட்ரோல் ஓகே. பிசிஆர் பாசிட்டிவ். நாளைக்கு எச்ஐ (சீரம் அந்த ஒட்டலைத் தடுக்குதான்னு பார்க்கிற டெஸ்ட்) போடணும், யாராவது சொல்லுங்க.

தொட்டபெட்டா: எந்த சப்டைப்? முட்டையில வளர்த்ததா, எம்டிசிகேவுலயா (நாய்ச் சிறுநீரகச் செல்)? எந்த ரத்தம், எத்தனை சதவீதம்?

கேத்திக்காரர்: அடிப்படை தெரியாம பிளேட் போட்டா இப்படித்தான். ட்ரிப்சின்ங்கிற வெட்டுற என்சைமைச் சேர்க்க மறந்திருப்பீங்க. வைரஸ் மேல இருக்கிற எச்ஏ புரதத்தோட முழு வடிவம் எச்ஏ0, அது வெட்டுப்படலைன்னா செல்லை எங்கே பிடிக்கும்?

தொட்டபெட்டா: வெட்டுப்படாத எச்ஏ0-வும் செல் மேல இருக்கிற சியாலிக் அமிலங்கிற சர்க்கரையைப் பிடிக்கும் சார். வெட்டுறது வைரஸ் சவ்வும் செல் சவ்வும் இணையறதுக்கு. ட்ரிப்சின் இல்லன்னா வைரஸ் பெருகாது, அது வேற.

குன்னூர்_மிஸ்ட்: ரூம் ஹீட்டர் பக்கத்துல பிளேட் இருந்துச்சா? சூட்டுல வைரஸோட நியூராமினிடேஸ் என்சைம் சியாலிக் அமிலத்தை வெட்டிடும். வலை மாதிரி நின்ன செல் உதிர்ந்து பட்டனாயிடும். 15 நிமிஷத்துக்கொரு தடவை பாருங்க. முதல்ல வலை, அப்புறம் பட்டன்னா இதுதான். 4 டிகிரியில வைங்க.

மஞ்சூர்: பிபிஎஸ் உப்புக் கரைசல்ல பாக்டீரியா வந்திருந்தாலும் அதோட சியாலிடேஸ் என்சைம் அந்தச் சியாலிக் அமில ரிசெப்டரைத் தின்னுடும். கிருமி கொல்ற ஆட்டோகிளேவ் ஊட்டியில 15 பவுண்டு அழுத்தத்துல 121 டிகிரி வராது.

கேத்திக்காரர்: 15 பவுண்டுன்னா எந்த ஊர்லயும் 15 பவுண்டுதான்.

லேப்_ஊட்டி: எச்3என்2, எம்டிசிகே. ட்ரிப்சின் போட்டாச்சு. கோழி ரத்தம் 0.5%, அடி வி வடிவப் பிளேட். ஹீட்டர் இல்ல.

தொட்டபெட்டா: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! கோழி ரத்தம்தான் சிக்கல். 1968-ல மனுஷனுக்கு வந்த எச்3-ல 226-வது அமினோ அமில இடத்துல குளூட்டமின் லியூசினாவும், 228-ல கிளைசின் செரினாவும் மாறி, ஆல்பா 2,6 இணைப்புள்ள சியாலிக் அமிலத்தைத் தேட ஆரம்பிச்சுது. அப்புறமும் எச்ஏவோட அந்தப் பிடிக்கிற இடம் மாறிக்கிட்டே வந்து, 1990-கள்லேர்ந்து கோழிச் செல்லை விட்டுடுச்சு. ஒத்தை எச்ஏவோட பிடி மில்லிமோலார் அளவுதான், ரொம்ப லேசு. நூத்துக்கணக்குல சேர்ந்து பிடிச்சாத்தான் செல் நிக்கும். ரிசெப்டர் குறைஞ்சா மொத்தமும் விட்டுடும்.

கினிப்பன்றி ரத்தத்துக்கு மாறுங்க, அதுல ஆல்பா 2,6 அதிகம். ரத்தம் உறையாம இருக்க ஆல்சீவர் கரைசல்ல எடுத்து, பிபிஎஸ்ல கழுவி, 0.75%. யூ பிளேட். வைரஸ் 50 மைக்ரோலிட்டர் இரட்டிப்பா நீர்த்து, செல் 50. ஒரு மணி நேரம் விடுங்க. நெகட்டிவ் குழியில கோழி மாதிரி இறுகின பட்டன் வராது, வளையமா நிக்கும், அதைப் பாசிட்டிவ்னு எண்ணிடாதீங்க.

இன்னொண்ணு, எம்டிசிகேவுல வளர்த்த எச்3என்2-ல 151-வது இடம் மாறின நியூராமினிடேஸே செல்லைப் பிடிக்கும். நியூராமினிடேஸை அடக்குற ஓசெல்டாமிவிர் கார்பாக்சிலேட் 20 நானோமோலார் சேர்த்தும் சேர்க்காமலும் ரெண்டு டைட்டர் எடுங்க. எச்ஐக்கு சீரத்தை ஆர்டிஈ (சீரத்துல தானா ஒட்டலைத் தடுக்கிறதை அழிக்கிற என்சைம்) போட்டு 37 டிகிரியில ராத்திரி முழுக்க, அப்புறம் 56-ல அரைமணி.

மஞ்சூர்: கேத்திக்காரர் சார், கேஜ் காட்டுறது வெளிக்காத்துக்கு மேல எவ்வளவுங்கிறதை. ஊட்டியில வெளியே 11 பவுண்டுதான். 15 காட்டினா உள்ளே 26, அதாவது 117 டிகிரி. 121 வேணும்னா 18, 19 வரைக்கும் ஏத்தணும். உள்ளே தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க.

கேத்திக்காரர்: கம்பெனி மேனுவல்ல 15-ன்னுதான் போட்டிருக்கு.

மஞ்சூர்: மேனுவல் சமவெளிக்கு எழுதினது சார்.

லேப்_ஊட்டி: கினிப்பன்றி ரத்தம் கிடைச்சுது. டைட்டர் 32. நன்றி.

தொட்டபெட்டா: ஓசெல்டாமிவிர் போட்டா, போடாமலா?

கேத்திக்காரர்: சமவெளின்னு மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க பார்ப்போம்.