கூட்டாக வரைபடம் வரைவதால் மாணவர்கள் கற்பது என்ன?

கேள்வி (ஆசிரியை, கோத்தகிரி):
ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, பள்ளியைச் சுற்றியுள்ள ஓடைகளையும் பாதைகளையும் வரைபடமாக்கச் சொல்ல எண்ணியுள்ளேன். பாடநூலைத் தாண்டி இதில் என்ன கிடைக்கும் என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் கூறவும்.

பதில் 1 (குன்னூர்):
1:50,000 அளவுள்ள நில அளவைத் துறை வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். அதை அளவுகோலால் அளந்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் வழியே நடக்கும் மாணவருக்கு, நேர்க்கோட்டுத் தொலைவும் நடைத் தொலைவும் வெவ்வேறு என்பதை விளக்க வேண்டியதே இல்லை. உண்மையான கல்வி, இரு குழுக்களின் தாள்களை அருகருகே வைக்கும்போதுதான் தொடங்குகிறது. எங்கள் பள்ளியில் ஒரே ஓடை ஒரு தாளில் தேயிலைச் சரிவின் மேலும், மற்றொன்றில் பள்ளத்திலும் ஓடியது. ஓடையைக் கடக்கும் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) மேட்டுப்பக்கம் நோக்கி வளையும் என்ற விதியை எடுத்துக்காட்டி ஒரு மாணவி வாதிட்டாள். பிறகு இரு குழுக்களும் சேர்ந்தே போய்ப் பார்த்து முடிவு செய்தன.

பதில் 2 (உதகை):
கைபேசி காட்டும் இடத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஆழமான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த சோலைக்குள்ளும் செயற்கைக்கோள் குறிப்பு விலகும். யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய இணைய வரைபடமான, 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிவேற்றுவதாக இருந்தால், தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளின் வழிபாட்டு இடங்களைக் குறிக்கலாமா என்பதை அங்குள்ள பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். எதைக் குறிக்காமல் விடுவது என்று முடிவெடுப்பதும் புவியியலே.

பதில் 3 (கொடைக்கானல்):
நன்றாக வரையும் ஒருவர் தலையிலேயே வேலை முழுவதும் விழும். அளத்தல், குறித்தல், வரைதல் ஆகியவற்றைச் சுழற்சி முறையில் கொடுங்கள்.