நினைவில்லாதவருக்காக முடிவெடுக்க ஒருவரா, குடும்பமா?

ஊர்க்குருவி:
அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வென்டிலேட்டரில் இருந்தார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கலாமா என்று டாக்டர் கேட்டார். காலையில் நின்ற அண்ணன் வையுங்கள் என்றார். மாலையில் வந்த தங்கை வேண்டவே வேண்டாம் என்றாள். நான் வாயே திறக்கவில்லை. மறுநாள் வந்த வேறு டாக்டர் முதலிலிருந்து கேட்டார். ஒரே கோப்பில் அண்ணன் கையெழுத்தும் இருந்தது, தங்கை மறுத்த குறிப்பும் இருந்தது. நல்ல நினைவோடு இருக்கும்போதே ஒரே ஒருவர் பெயரை எழுதி வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

மூத்தவன்:
உயிரைத் தூக்கி ஒருவர் கையில் கொடுப்பதா? அந்த ஒருவருக்குச் சொத்தில் கண் இருந்தால்? எங்கள் சித்திக்கு எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்தோம். இரண்டு நாள் இழுத்தது, உண்மைதான். ஆனால் இன்றுவரை யாரும் யாரையும் குறை சொன்னதில்லை.

ஊர்க்குருவி:
உங்கள் வீட்டில் ஒத்துப்போனது, சரி. ஒத்துப்போகாவிட்டால்? அமெரிக்காவின் டெர்ரி ஷைவோ 1990-இல் 26 வயதில் மயங்கி விழுந்தார். எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. இப்படிக் கிடக்க அவள் விரும்பமாட்டாள் என்றார் கணவர். பெற்றோர் மறுத்தார்கள். உணவுக் குழாயை எடுப்பதும் திரும்பப் பொருத்துவதுமாக இரண்டு முறை நடந்தது. மூன்றாம் முறை எடுத்த பிறகு 2005 மார்ச்சில் இறந்தார்.

மூத்தவன்:
நீங்கள் சொன்னதே எனக்குச் சாட்சி. சட்டப்படி அவருக்குக் காப்பாளர் அந்தக் கணவர்தான். அதிகாரம் ஒருவரிடம் இருந்தும் சண்டை ஓய்ந்ததா?

ஊர்க்குருவி:
அவரை நியமித்தது நீதிமன்றம். டெர்ரி அல்ல.

இரவுப்பணி:
நான் ஐசியு செவிலி. இருவருமே யார் என்றுதான் பேசுகிறீர்கள். அந்த ஆளுக்கு நோயாளியின் மனசு தெரியுமா? பல ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் வந்த கட்டுரை ஒன்றில், உறவினர் ஊகம் நோயாளியின் விருப்பத்தோடு ஒத்துப்போனது சுமார் 68 சதவீதம்தான். நோயாளியே தேர்ந்தெடுத்தவரும் மேலாக ஊகிக்கவில்லை.

மூத்தவன்:
பார்த்தீர்களா!

இரவுப்பணி:
அவசரப்படாதீர்கள். குடும்பமே கூடி ஊகித்தாலும் ஊகம்தான். பெயர் எழுதுவது எதற்கு என்றால், இரவு 2 மணிக்கு நான் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும். ரொம்பப் பாசமான பிள்ளை பல நேரம் சரிப்படமாட்டார். “எதைச் செய்தாவது காப்பாற்றுங்கள்” என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சு வராது. புரியாவிட்டால் டாக்டரை மறுபடி கேட்கிற ஆளைப் போடுங்கள். அவர் கிடைக்காவிட்டால் யார் என்று இரண்டாவது பெயரும் வேண்டும். அப்புறம் அவரிடம் “உங்களுக்கு என்ன வேண்டும்” என்று நாங்கள் கேட்கக் கூடாது. “உங்கள் அப்பா எழுந்து உட்கார்ந்தால் என்ன சொல்வார்” என்று கேட்க வேண்டும். கேள்வியை மாற்றியதும் பதில் மாறியதை நானே பார்த்திருக்கிறேன்.

மூத்தவன்:
ஒருவர் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று பிள்ளையில் ஒருத்தி பெயரை எழுதினால் மற்ற இருவரிடம் அதை யார் சொல்வது?

ஊர்க்குருவி:
எழுதியவர்தான். எனக்காகத் தங்கை பெயரை எழுதி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

இரவுப்பணி:
தங்கையிடம்?

ஊர்க்குருவி:
அவளிடமும்தான்.

மூத்தவன்:
அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது?