டிரான்ஸ்ஃபர் கேஸ் பிடித்துக்கொள்வதற்கு ‘முறுக்கேற்றம்’

அன்புடையீர்,

நான்கு சக்கரங்களும் இழுக்கும் லாரி, பிக்கப் வண்டிகளில் எஞ்சினின் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டியே டிரான்ஸ்ஃபர் கேஸ். அது விடாமல் பிடித்துக்கொள்வதைக் குறிக்க உங்கள் கலைச்சொல் பட்டியலில் ‘இறுக்கம்’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. போல்ட்டின் இறுக்கம், பேரிங்கின் இறுக்கம் என்று பட்டறையில் அச்சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. ‘பிடிப்பு’ என்பதும் ஆகாது. டயருக்குச் சாலையில் நல்ல பிடிப்பு இருக்கும்போதுதான் இந்தத் தொல்லை தலைகாட்டும் என்பதால், காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே பெயர் வந்து குழப்பும்.

திருநெல்வேலி மாவட்டத்தில் மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று மலையேறும் வண்டிகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். கல்லும் சேறுமான பாதையில் முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றாகப் பூட்டி ஓட்டினாலும், சக்கரங்கள் அவ்வப்போது வழுக்கிக் கணக்கை நேர்செய்துகொள்ளும். கீழே இறங்கித் தார்ச்சாலைக்கு வந்த பின்னும், இந்தப் பூட்டைப் போட்டு விடுவிக்கும் லிவரை மாற்றாமல், அம்பாசமுத்திரத்தில் ஒரு சந்துக்குள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால், ஸ்டியரிங் கனக்கும். பிரேக் போட்டதுபோல வண்டி தயங்கும். முன் டயர் கிரீச்சிட்டுத் துள்ளும். அதன் பிறகு லிவரைத் தள்ளினால் நகராது. “லாக் விட மாட்டேங்கு” என்பார்கள் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள்.

நடப்பது என்ன என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். அச்சிடைத் தூரம் 3 மீட்டர், வளைவில் பின் அச்சின் ஆரம் 6 மீட்டர் என்றால், முன் அச்சின் ஆரம் ஏறத்தாழ 6.7 மீட்டர். கால்வட்டம் திரும்புவதற்குள் முன் அச்சு பின் அச்சைவிட ஏறத்தாழ 1.1 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். சுற்றளவு 2.2 மீட்டர் உள்ள டயருக்கு இது அரைச் சுற்று. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து அச்சுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் தண்டு 4 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்றால் (கிரவுன் பல்விகிதம் 4), அந்தத் தண்டில் இது 2 சுற்று. இரண்டு தண்டுகளும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கையில் இந்த 2 சுற்றுக்குப் போக்கிடம் இல்லை. டயர் வழுக்கித் தீர்க்காத மிச்சமெல்லாம், ஒரு முனையைக் கட்டி மறுமுனையைத் திருகிய கயிற்றில் போல, தண்டிலும் பல்லிலும் முறுக்காக ஏறி நிற்கிறது.

ஆகவே ‘முறுக்கேற்றம்’ என்பதே என் பரிந்துரை. முறுக்குவிசை என்ற சொல் முன்பே புழங்குவதால் உறவும் விளங்கும். சற்றே பின்னுக்கு எடுத்தோ, ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கியோ லிவரை விடுவிப்பதை ‘முறுக்கிறக்கம்’ என்று அதே வேரிலிருந்து சொல்லிவிடலாம்.

ஆனால் முறுக்கேற்றம் தன்னளவில் பழுது அன்று. பூட்டிய வண்டியைத் தாரில் திருப்பினால் அது வந்தே தீரும். லிவரை இரண்டு சக்கர நிலைக்குத் தள்ளிய பிறகும் அது நீடித்தால்தான் பழுது. அதற்கு ‘பூட்டு விடாமை’ என்று தனிப்பதிவு வேண்டும் என்று வலியுறுத்துகிறேன், ஏனெனில் இந்த இரண்டையும் பிரித்தறிவதில்தான் சோதனையே அடங்கியிருக்கிறது. லிவரை இரண்டு சக்கர நிலையில் வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, முன் புரொப்பெல்லர் தண்டைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். அது தாராளமாகச் சுற்றினால் பூட்டு விட்டிருக்கிறது. பழுதை ஜாயிண்டிலோ, பிரேக்கிலோ, இடவலச் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் முன் டிஃபரன்ஷியலிலோ தேட வேண்டும். பின் தண்டோடு சேர்ந்து அசையாமல் நின்றால் உள்ளே பூட்டை நகர்த்தும் ஃபோர்க்கோ, இரு தண்டுகளையும் இணைக்கும் ஸ்லீவோ விடவில்லை.

எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் முன், பின் அச்சுகளுக்கு இடையிலுள்ள நடு டிஃபரன்ஷியலின் பூட்டோ, கெட்டியான திரவத்தால் இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங்கோ விடாமல் நின்றாலும் இதே அறிகுறிகள்தாம் வரும். அங்கே பெட்டியைப் பிரிப்பதற்கு முன் நான்கு டயர்களின் அளவையும் தேய்மானத்தையும் காற்றையும் ஒப்பிட வேண்டும். முன்னும் பின்னும் சுற்றளவு மாறினால் நேர்ச்சாலையிலேயே இணைப்புக்கு ஓய்வில்லாமல் போகும்.

அதே பட்டியலில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ‘மாற்றுப் பெட்டி’ என்ற பதிவையும் மாற்றக் கோருகிறேன். அப்பெயர் கைவசம் வைத்திருக்கும் இன்னொரு பெட்டி என்று பொருள்படுகிறது. எஞ்சினின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பகிர்வதால் ‘பகிர்பெட்டி’ பொருந்தும். அப்போது ‘பகிர்பெட்டி பூட்டு விடாமை’ என்று பழுதின் பெயரையும் இடரில்லாமல் எழுதலாம்.