ராஜேஷ்குமாரை எங்கிருந்து ஆரம்பிப்பது?

மழைக்காகம்: ஊர் நூலகத்தில் க்ரைம் கதை எழுத்தாளர் ராஜேஷ்குமார் ஒரு அலமாரி முழுக்க இருக்கிறார். 1500 நாவலுக்கு மேல் எழுதியவர் என்கிறார்கள், அத்தனையும் படிக்க ஆயுள் போதாது. எதிலிருந்து தொடங்கலாம்? ஒருவரால் இவ்வளவு எப்படி எழுத முடிகிறது?

திண்ணைவாசி: வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், அவருடைய துப்பறிவாளர் விவேக் வருகிற ஒன்றை எடுங்கள். கூடவே மனைவி ரூபலா, கடி ஜோக் அடிக்கிற விஷ்ணு. எண்பதுகளில் 'க்ரைம் நாவல்' மாதாமாதம் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கும், பஸ் கிளம்புவதற்குள் வாங்கி இறங்குவதற்குள் முடித்துவிடுவோம், அந்த அளவுக்குத்தான் அதன் நீளமே.

கோவைக்காரி: எப்படி எழுதினார் என்றால், அவரிடம் ஒரு கட்டமைப்பு இருக்குதுங்க. ஒரு அத்தியாயத்தில் ஒரு கதை, அடுத்ததில் சம்பந்தமே இல்லாத வேறு ஊர், வேறு ஆட்கள். இரண்டும் மாறி மாறி ஓடி, கடைசிப் பக்கங்களில்தான் முட்டிக்கொள்ளும். அத்தியாயம் முடிகிற இடத்தில் போன் அடிக்கும் அல்லது கதவு தட்டப்படும், புத்தகத்தை மூடவே முடியாது. எங்க ஊர்க்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை!

மழைக்காகம்: இலக்கியவாதிகள் இவரைக் கண்டுகொள்வதே இல்லையே?

திண்ணைவாசி: அது பழைய பஞ்சாயத்து. என்னைக் கேட்டால் முடிவுகள் சிலசமயம் அவசரமாகத்தான் இருக்கும், மாதக் கெடுவுக்கு எழுதினால் அப்படித்தான். ஆனால் 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் 'பல்ப்' (pulp, மலிவு விலை ஜனரஞ்சக) கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது இவரும் அதில் இருந்தார்.

கோவைக்காரி: சரி, ராத்திரி பத்து மணிக்கு மேல் மட்டும் ஆரம்பிக்காதீங்க.