கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்குப் பாய்மரப் படகுப் பயிற்சி உண்மையிலேயே உதவுமா?

கேட்டவர்: கரையோரம்

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. விடை தெரிந்திருந்தாலும் வகுப்பில் கையை உயர்த்த மாட்டாள். எதைச் செய்வதற்கு முன்பும் ஒருமுறை என் முகத்தைப் பார்ப்பாள். நீச்சல் தெரியும், ஆனால் ஆழமான நீர் என்றால் அச்சம். ஐந்து நாள் பாய்மரப் படகுப் பயிற்சியில் சேர்த்தால் தன்னம்பிக்கை வரும் என்று நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். இது விளம்பரப் பேச்சா, அல்லது படகில் அப்படி ஏதேனும் நிகழ்கிறதா என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி: சுக்கான்பிடி

பல ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் முகத்தைப் பார்க்கும் வழக்கம் என்றீர்களே, அதைத்தான் படகு முதலில் எடுத்துவிடுகிறது. சிறுவர்கள் பெரும்பாலும் பழகும் ஆப்டிமிஸ்ட் படகின் நீளம் 2.3 மீட்டர், உடற்பகுதியின் எடை ஏறத்தாழ 35 கிலோ. பதினைந்து வயது வரையிலான ஒருவர் தனியாக ஓட்டுவதற்கென்றே அது அமைந்தது. நாங்கள் சற்றுத் தள்ளி மோட்டார் படகில் இருப்போம். சுக்கான் ஒரு கையிலும் பாய்க்கயிறு மறு கையிலும் இருக்கும்போது முடிவெடுக்க வேண்டியது அந்தப் பிள்ளை மட்டுமே.

காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் செல்லாது. அத்திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக்குள் படகின் முகம் வந்துவிட்டால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்றுவிடும். ஆகவே எதிரே தெரியும் மிதவையை அடைய, இடமும் வலமும் மாறி மாறிச் சாய்வாக ஏற வேண்டும். எங்கே திரும்புவது என்பதைத் தவறாகக் கணித்தால் யாரும் திட்டுவதில்லை. மிதவை கைக்கெட்டாமல் போகும், மறுபடியும் ஒரு சுற்று வரவேண்டும், அவ்வளவுதான். பிழை செய்தால் உலகம் இடிந்துவிடாது என்பதை ஒரே காலையில் இருபது முறை உணரும் வாய்ப்பு வகுப்பறையில் கிடைப்பது அரிது.

ஆழத்தைப் பற்றிய அச்சத்திற்கும் வழி உண்டு. நல்ல பயிற்சியில் தொடக்கத்திலேயே, உயிர்காப்பு அங்கியுடன், படகை வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்வோம். பிள்ளை அடிப்பக்கமாக நீந்திச் சென்று, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் டேகர்போர்டு பலகையைப் பற்றி, அதன்மேல் ஏறி நின்று பின்னால் சாய வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு பாய் மெல்ல நீரைவிட்டு எழும், படகு சட்டென்று நிமிரும். வாளியால் நீரை இறைத்துவிட்டுப் புறப்படலாம். மூன்று முறை இதைச் செய்தவர்கள் அடுத்த பலத்த காற்றைப் பார்க்கும் பார்வையே வேறு. (கரையில் நின்று கத்தி வழிகாட்டும் பெற்றோர்தான் எங்களுக்குப் புயலைவிடப் பெரிய தொல்லை. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.)

மறுமொழி: எதிர்க்காற்று

மேலே கூறப்பட்டது உண்மைதான் என்றாலும், அது பயிற்றுநரைப் பொறுத்தது. என் மகனை மூன்றாம் நாளே, காற்று மிகுந்த பிற்பகலில், தனிப்படகில் அனுப்பினார்கள். பின்காற்றில் திரும்பும்போது பாயின் கீழ்க்கட்டை வீசி வந்து தலையில் அடித்தது. காயம் சிறியது, ஆனால் ஓராண்டு அவன் படகின் பக்கமே போகவில்லை. பின்னர் வேறோர் இடத்தில், மூத்த பெண்ணொருத்தி சுக்கான் பிடித்த இருவர் படகில் முன்பாயை மட்டும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிடைத்த பிறகே அச்சம் நீங்கியது. ஒரு பாதுகாப்புப் படகுக்கு எத்தனை பிள்ளைகள், காற்று எவ்வளவுக்கு மேல் போனால் நிறுத்துவார்கள், "இன்று வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால் ஏற்பார்களா என்பவற்றைக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அங்கே சேர்க்க வேண்டாம்.

மறுமொழி: நடுநிசிக் காவல்

இந்த எண்ணம் புதிதன்று. இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய வணிகக் கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில், மூத்த மாலுமிகளைவிட இளைஞர்கள் விரைவில் மனம் தளர்ந்துவிடுகிறார்கள் என்று கப்பல் உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட் கருதினார்; கல்வியாளர் குர்ட் ஹானுடன் சேர்ந்து அவர் 1941இல் வேல்ஸின் அபர்டவியில் தொடங்கிய பயிற்சிப் பள்ளிதான் அவுட்வர்ட் பவுண்ட். பெரிய பாய்க்கப்பல்களின் 'டால் ஷிப்ஸ்' பந்தயங்களில் கப்பல் குழுவினரில் பாதிப்பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

நான் பதினேழு வயதில் அத்தகைய கப்பலொன்றில் சென்றேன். இரவுக் காவலில் என்னை எழுப்ப வேண்டியவன் மறந்தால் இன்னொருவன் உறக்கமின்றி நிற்பான் என்பதைத்தான் முதலில் கற்றேன். ஆனால் இறங்கியதும் அது தானாக வீட்டுக்கு வந்துவிடவில்லை; ஒவ்வொரு மாலையும் "இன்று எதை நீயாக முடிவுசெய்தாய்?" என்று எங்கள் குழுத்தலைவி கேட்டதே அதை என்னுள் நிறுத்தியது. நீங்களும் அதே கேள்வியைக் கேட்கலாம். பயமாக இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேட்டவர்: கரையோரம்

அனைவருக்கும் நன்றி. இவற்றை மகளிடமே படிக்கக் கொடுத்தேன். கவிழ்க்கும் பகுதியை இருமுறை படித்துவிட்டு, "கவிழும்போது மூக்குக்கண்ணாடி என்னவாகும்?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

மறுமொழி: சுக்கான்பிடி

பின்கழுத்தில் கட்டும் மிதக்கும் பட்டை ஒன்றை மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தப் பட்டை தனக்குப் பொருந்துகிறது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.