டாரட் வாசிப்பவர்களிடம் ஒரு உதவி: மேரி செலஸ்ட் கப்பல் பற்றி

எல்லோருக்கும் வணக்கம். விடை கிடைக்காத வரலாற்று மர்மங்களை டாரட் அட்டைகளை (குறி பார்க்கப் பயன்படும் படச் சீட்டுகள்) வைத்து யோசித்துப் பார்ப்பவர்கள் இருந்தால் உங்கள் உதவி வேண்டும்.

நான் எடுத்திருப்பது மேரி செலஸ்ட். 1872 நவம்பரில் ஆல்கஹால் பீப்பாய்களோடு நியூயார்க்கிலிருந்து ஜெனோவாவுக்குக் கிளம்பிய பாய்மரக் கப்பல். டிசம்பர் தொடக்கத்தில் அசோரஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் பிரிக்ஸ், அவர் மனைவி, இரண்டு வயது மகள், மாலுமிகள் ஏழு பேர், யாருமே இல்லை. சாப்பாடும் சரக்கும் இருந்தன, கப்பலோடு இருந்த சின்ன உயிர்காப்புப் படகைத்தான் காணோம்.

"ஏன் இறங்கினார்கள்?" என்று கேட்டு எடுத்ததில் வந்தது 'வாள்கள் ஆறு' என்ற அட்டை. ரைடர் வெயிட் என்ற பிரபலமான டாரட் சீட்டுக் கட்டில் அந்தப் படத்தைப் பாருங்கள்: படகு தள்ளும் ஒருவர், முக்காடிட்ட பெண், ஒட்டி உட்கார்ந்த குழந்தை. மூவரும் நமக்கு முதுகு காட்டியபடி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்து வந்தது 'கோபுரம்' அட்டை: இடி விழுந்து எரியும் கோபுரத்திலிருந்து ஆட்கள் கீழே விழும் படம். ஆல்கஹால் ஆவி வெடித்துவிடும் என்று பயந்து இறங்கியிருக்கலாம் என்ற பழைய கருத்தோடு அது பொருந்துகிறது.

சிக்கலே அங்கேதான். கதை தெரிந்த கண்ணுக்கு அட்டையிலும் அந்தக் கதைதான் தெரியும். அட்டை ஆதாரமாகாது, சரி. ஆனால் புதிதாக ஒரு கேள்வியாவது எழ வேண்டுமே! நீங்கள் கேள்வியை எப்படி வைப்பீர்கள்? கப்பலில் இருந்தவர்களில் ஆளுக்கு ஓர் அட்டை எடுக்கலாமா? இந்தக் கதையே தெரியாத ஒருவரை வாசிக்கச் சொல்வது பலன் தருமா?

அப்புறம், பாய்மரக் கப்பல் பற்றித் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். கப்பலுக்குள் வரும் தண்ணீரை இறைக்கும் பம்பு ஒன்று கழற்றிக் கிடந்ததாம். சின்னக் குழந்தையோடு ஒரு கேப்டன் நடுக்கடலில் சின்னப் படகுக்கு மாற, கப்பலுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்க வேண்டும்?